பெயர் சொன்னால் இறங்க வேண்டும்

அன்று இரவு இருந்தவர்கள்: ஷாமிலா, ராகுலன், பிரதீஸ், அங்கிள், நான்.

நேரம் இரண்டு மணிக்கு மேல். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கை. பகலில் அதில் ஓட்டோ திரும்ப இடமிருக்காது. அந்த நேரத்தில் ஒரு நாய்கூட இல்லை. கட்டடத்தின் கீழே புடவைக் கடை, அதற்கு மேலே டியூஷன் வகுப்பு, அதற்கும் மேலே எங்கள் அலுவலகம். லண்டன் கடைகளின் அன்றாட விற்பனையைக் கணினியில் பதிவது வேலை. அங்கே கடை பூட்டும்போது இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும்.

கரண்ட் போனது. ஜெனரேட்டர் கொஞ்சம் இருமிவிட்டு நின்றது. டீசல் இல்லை. யூபிஎஸ் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கத்தி ஓய்ந்தன. பிறகு கடல் மட்டும்.

சாப்பாட்டு அறையில் நிலத்தில் குந்தினோம். ராகுலன் தன் போன் வெளிச்சத்தின் மேல் தண்ணீர்ப் போத்தலை வைத்தான். எல்லோர் முகமும் நீரில் கிடந்த மாதிரித் தெரிந்தது. கொத்துரொட்டிப் பார்சலின் எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை.

அங்கிள் எங்கள் வாசல் காவலாளி. வந்து ஆறு மாதமிருக்கும். பெயர் எங்களுக்குத் தெரியாது. நீலச் சட்டையில் பெயர்ப் பட்டி குத்தும் இடத்தில் வெறும் ஓட்டை இரண்டு. பொழுதுபட்டதும் படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினால் விடியும்வரை வெளியே கால் வைக்க மாட்டார். சாப்பாடு கொண்டு வரும் பொடியன் கீழே நின்று கத்தினாலும் எங்களில் ஒருவர்தான் போக வேண்டும். திறந்து விடுவார், உடனே பூட்டுவார், நாங்கள் திரும்பி வந்து தட்டிய பிறகு மறுபடி திறப்பார்.

“அங்கிள் எங்களுக்குக் காவலா, நாங்க அங்கிளுக்குக் காவலா?” என்று ராகுலன் கேட்பான். அவர் சிரிக்கவும் மாட்டார். பேச்சும் இல்லை. தலையாட்டல்தான்.

“அங்கிளிட்ட ஒரு சொல்லு வாங்கிறதுக்கு விண்ணப்பம் போடோணும்,” என்பாள் ஷாமிலா.

ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. எதிலாவது விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். மேசையில், முழங்காலில், கதவுச் சட்டத்தில். மெதுவாக, விடாமல். கொஞ்ச நாளில் அது எங்கள் காதுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கும் சுவரோரம் கதிரையில் இருந்து தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

“ஆராவது ஏதாவது சொல்லுங்கப்பா. எனக்கு இந்த இருட்டு சரியில்ல,” என்றாள் ஷாமிலா.

பிரதீஸ் எங்களோடு சேர்ந்து இரண்டு கிழமைதான். கத்தாரிலிருந்து திரும்பி வந்தவன். அதிகம் வாய் திறக்காதவன். அவன்தான் சொன்னான். “என்ர அத்தான்ர கதை ஒண்டு இருக்கு. கேட்டா ஒருத்தரும் வீட்ட போக மாட்டியள்.”

“எப்படியும் கரண்ட் வரும்வரைக்கும் போக ஏலாது. சொல்லு மச்சான்,” என்றான் ராகுலன்.

பிரதீஸின் அக்காவின் கணவன் றொஹான். ஒலிப்பதிவுக்காரன். அடுத்த ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தான். சுவர் முழுக்கக் கம்பளம். கனத்த கதவு. அதை மூடினால் காலி வீதியின் பஸ் ஹோர்ன் உள்ளே வராது. கடற்கரை ரயில்கூட வராது. கதவுக்கு வெளியே சீமெந்து முற்றம், சுற்றி மதில், ஒரு இரும்புக் கேற். அவ்வளவுதான்.

போன வருடம் அவனுக்கு ஒரு வேலை வந்தது. கொட்டாஞ்சேனையில் முன்பு ‘கார்கோ’ என்று ஒரு ராக் பாண்ட் இருந்தது. துறைமுகத் தொழிலாளிகளின் பிள்ளைகள் நான்கு பேர். ஸ்டனி பாட்டு. றோய் கிற்றார். யோகராஜ் பேஸ். சவுந்தரநாயகம் டிரம்ஸ். கல்யாண வீட்டு பைலா ஆட்டப் பாட்டுக்குக் கூப்பிட்டால் போக மாட்டார்கள். சொந்தப் பாட்டு, தமிழில், காது கிழியும் சத்தத்தில். கிரேன்களைப் பற்றியும் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளைப் பற்றியும் பாடினார்கள். அவர்களுக்கு அன்று கை தட்டியவர்களில் பாதிப் பேர் இன்று ரொறன்ரோவில். அவர்கள்தான் கேட்டார்கள்: கார்கோவின் சிறந்த பாட்டெல்லாம் சேர்த்து ஒரே ஆல்பம் வேண்டும். பெயரும் அவர்களே வைத்தார்கள். ‘கார்கோ: எல்லாம் ஒரே மூட்டையில்.’

“பெயர் நல்லாயிருக்கு,” என்றாள் ஷாமிலா.

“பொறு,” என்றான் பிரதீஸ்.

கார்கோவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த மேடையிலும் கடைசிப் பாட்டு ஒன்றேதான். அந்தப் பாட்டின் நடுவில் ஸ்டனி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பெயர் சொல்லப்பட்டவன் தன் பங்கைத் தனியாக வாசிப்பான். வாசித்து முடித்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போவான். திரும்பி ஏறக் கூடாது. முதலில் கிற்றார். பிறகு பேஸ். சத்தம் மெலிந்துகொண்டே வரும். கடைசியில் டிரம்ஸ் மட்டும். “டிரம்ஸ்... சவுந்தா...” என்று நீட்டி, சிரித்துக்கொண்டு கூப்பிடுவான் ஸ்டனி. அதுவும் நின்ற பிறகு மைக்கை நிறுத்திவிட்டுத் தானும் இறங்குவான். சனம் அதற்காகவே காத்திருக்கும்.

அவர்களுடைய கடைசி மேடை தொண்ணூற்றாறில். நாடு முழுக்க மின்வெட்டு இருந்த வருடம். கொட்டாஞ்சேனையில் ஒரு திருவிழா, கோயில் மண்டபம். கடைசிப் பாட்டு. ஸ்டனி றோயைக் கூப்பிட்டான். றோய் வாசித்தான், இறங்கினான். யோகராஜைக் கூப்பிட்டான். அவனும் இறங்கினான்.

கரண்ட் போனது.

மைக் செத்தது. டிரம்ஸுக்குக் கரண்ட் தேவையில்லை. சவுந்தரநாயகம் இருட்டில் இன்னும் கொஞ்ச நேரம் அடித்தான். யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. சனம் சிரித்துக்கொண்டு கலைந்தது. ஸ்டனியும் மேடையிலிருந்து குதித்துவிட்டான். மூன்று பேரும் வேனில் ஏறினார்கள், சாமான்களை வைத்துவிட்டு வந்து இவனையும் டிரம்ஸையும் ஏற்றுவதாகச் சொல்லி. டிரம்ஸ் கழற்றத்தான் எப்போதும் நேரம் எடுக்கும். அதுவும் இருட்டில்.

முகத்துவாரம் போகும் வழியில் தெரு விளக்கும் இல்லை. விளக்குப் போடாமல் ஒரு கொள்கலன் லொறி நின்றது. வேன் அதற்குள் போனது. மூன்று பேரும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள்.



றொஹான் மற்றப் பாட்டுகளைச் சேர்த்துவிட்டான். கடைசிப் பாட்டுத்தான் எங்கும் கிடைக்கவில்லை. தேடிப் போனதில், கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் ஒரு கஸற் அகப்பட்டது. அந்தத் திருவிழா அன்று ஒரு ரசிகன் பற்றரியில் ஓடும் ரெக்கோடரை மண்டப ஜன்னலில் வைத்துப் பதிந்தது. கரண்ட் போன பிறகும் அது ஓடியிருக்கிறது. வைத்தவன் மறந்து போய்விட்டான்.

சவுந்தரநாயகம் உயிரோடு இருந்தார். றொஹான் போன் எடுத்து, கஸற் கிடைத்ததைச் சொன்னான்.  அவர் சொன்னார்: “மற்றப் பாட்டெல்லாம் போடு தம்பி. அதை விடு.”

றொஹான் விடவில்லை. ஒலிப்பதிவுக்காரன். கஸற்றில் இரைச்சல் என்றால் அதைத் துடைக்காமல் அவனுக்கு நித்திரை வராது.

துடைக்கத் துடைக்க உள்ளே இருந்தது மேலே வந்தது. றோய். யோகராஜ். கரண்ட் போகும் ‘டக்’. தனி டிரம்ஸ். சனத்தின் சிரிப்பு. கதிரைகள் மடிக்கும் சத்தம். பிறகு வெறும் மண்டபம். ஒரு ஆள் தனியே இருட்டில் திருகாணி கழற்றும் கிறீச்... கிறீச்... பித்தளைத் தட்டு நிலத்தில் படும் ஓசை. வெகு நேரம் அதுதான்.

பிறகு யாரோ ஓடி வருகிறார்கள். வாசலில் நின்று கத்துகிறார்கள். “சவுந்தர்! வேன் அடிபட்டிட்டு! மூண்டு பேரும் செத்திட்டினம்!” அழுதுகொண்டு திரும்பி ஓடுகிறார்கள்.

திருகாணி நிற்கிறது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அதற்குப் பிறகு... வெளியேயிருந்து, நீட்டி, சிரித்துக்கொண்டு:

“டிரம்ஸ்... சவுந்தா...”

ஷாமிலா என் கையைப் பிடித்தாள். 

மறுபடியும் கூப்பிடுகிறது. இன்னும் கிட்ட. மண்டப வாசலில் நின்று கூப்பிடுவது போல. அப்போது உள்ளே தட்டல் தொடங்குகிறது. கையால். ஒரு மரப் பெட்டியில். மெதுவாக, விடாமல். பங்கை வாசித்து முடிக்கும்வரை இறங்க வேண்டியதில்லை, இல்லையா? அந்த ஆள் முடிக்கவே இல்லை. கஸற் தீரும்வரை தட்டல்தான்.

“பிறகு உங்கட அத்தான் என்ன செய்தவர்?” என்று கேட்டேன்.

“அவர் சந்தோசப்பட்டவர்,” என்றான் பிரதீஸ். “வாசல்ல வந்து கத்தினதை அவர் கவனிக்கேல்ல. அந்த இடத்தில அப்ப இரைச்சல் துடைச்சு முடியேல்ல, எங்களுக்கே அது பிறகுதான் விளங்கினது. ஸ்டனி மைக் இல்லாமலும் பெயரைச் சொல்லித்தான் இருக்கிறான், டிரம்ஸ்காரருக்குக் கேக்காமப் போச்செண்டு நினைச்சிட்டார். அந்தக் குரலைத் தூக்கி, மற்றதுகளை வெட்டி, பாட்டை வடிவா முடிச்சு வச்சவர். சவுந்தரநாயகத்துக்கு ஒரு பரிசு மாதிரி.”

ஆல்பத்தைக் கேட்டுச் சம்மதம் சொல்ல அவரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டான் றொஹான். கடைசிப் பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் பகலில் வந்தார். பாட்டுகளுக்கு இடையில் கதை கேட்டுக் கேட்டு இருட்டிவிட்டது. அந்தக் கதைகளையும் ஆல்பத்தோடு போட எண்ணி, றொஹான் மைக் ஒன்றைத் திறந்தே வைத்திருந்தான். அதில் எல்லாம் பதிந்தது. அக்கா அதைப் பிரதீஸுக்குக் கத்தாருக்கு அனுப்பினாள். இரவிரவாகக் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு இருமலும் அவனுக்குப் பாடம்.

பதிவில் கடைசிப் பாட்டு தொடங்குகிறது. றோய். யோகராஜ். ‘டக்’. தனி டிரம்ஸ். “டிரம்ஸ்... சவுந்தா...”

“நிப்பாட்டு தம்பி,” என்கிறார் சவுந்தரநாயகம்.

றொஹான் நிறுத்துகிறான். சிரிக்கிறான். “எப்படி? முதல் தரம் கேட்டதும் எனக்கே புல்லரிச்சது அண்ணே. பகிடிக்கு நானும் மைக்கில மறுமொழி சொன்னனான். ‘ஓம், வாறன்’ எண்டு.”



“நீ மறுமொழி சொன்னனீயா?”

“பகிடிக்கண்ணே...”

அப்போது மறுபடியும் கேட்கிறது. “டிரம்ஸ்...” கணினியில் பாட்டு நின்று கிடக்கிறது. பஸ் ஹோர்ன்கூட உள்ளே வராத அந்தக் கதவுக்கு வெளியேயிருந்து வருகிறது.

“ஆரது? கேற் பூட்டித்தானே இருக்கு,” என்கிறான் றொஹான்.

சவுந்தரநாயகம் இருமுகிறார். குரல் மிகச் சாதாரணம். கடைக்குப் போய் வரச் சொல்வது போல. “போய்ப் பார் தம்பி. ஆரும் நிக்கினமோ எண்டு.”

கதவு திறக்கிறது. ஒரு நிமிடத்துக்குக் கடல் கேட்கிறது. கதவு மூடுகிறது. பூட்டு. உள்ளேயிருந்து. பிறகு மேசையில் விரல் தட்டல். விடியும்வரை அதுதான்.

காலையில் அக்கா தன்னிடமிருந்த சாவியால் கேற்றைத் திறந்தாள். கேற் பூட்டு அப்படியே இருந்தது. மதில் மேலே பதித்த கண்ணாடித் துண்டு ஒன்றும் உடையவில்லை. முற்றத்தில் றொஹானின் செருப்பு மட்டும். சோடியாக, கழற்றி வைத்த மாதிரி. ஸ்டூடியோக் கதவு திறந்தது. ஒரு ஆள் வெளியே வந்து அக்காவைத் தாண்டி வெயிலுக்குள் நடந்து போனார். பொலிஸ் போனபோது கொட்டாஞ்சேனையில் தன் வீட்டில் அவர் இல்லை. இன்றுவரை இருவரையும் யாரும் காணவில்லை.

“அக்கா இன்னும் வாசல் லைட்டை அணைக்கிறதில்ல,” என்றான் பிரதீஸ். “நான் வேலையை விட்டிட்டு வந்ததே அதுக்குத்தான். செத்திட்டாரெண்டா செத்திட்டாரெண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லு. அதுகூட இல்ல.”

 ஷாமிலா மெல்லக் கேட்டாள். “அப்ப அந்த ஆல்பம்?”

“ரொறன்ரோக்காரர் வெளியில விட்டிட்டினம். எல்லாற்ற போனிலயும் இருக்கு.”

ராகுலனுக்குப் பயம் வந்தால் அவன் அதைச் சோதித்துப் பார்க்கிற ஆள். போத்தலை எடுத்துவிட்டுப் போனைத் தட்டினான். வெளிச்சம் சுருங்கித் திரை மட்டும் மினுங்கியது. “கடைசிப் பாட்டுத்தானே?” என்றான்.

“விசரா, வேணாம்,” என்றாள் ஷாமிலா. அவன் அழுத்திவிட்டான்.

சின்ன ஸ்பீக்கரில் பழைய மண்டபம் ஒன்று திறந்தது. கிற்றார். சனம். ஒரு குரல் றோயைக் கூப்பிட்டது. கிற்றார் தனியே அழுதுவிட்டு ஓய்ந்தது. யோகராஜைக் கூப்பிட்டது. பேஸ் அதிர்ந்து ஓய்ந்தது. ‘டக்.’

டிரம்ஸ் மட்டும்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. போனில் ஒரு தாளம். அறைக்குள் ஒரு தாளம். இரண்டும் ஒன்று. ஒரு அடிகூடப் பிசகவில்லை. அந்த அறைத் தாளம் ஆறு மாதமாக எங்கள் காதுக்குள் இருந்தது.

நான்கு பேரும் சுவரோரம் திரும்பினோம். அங்கிள் கண்ணை மூடியிருந்தார். விரல்கள் முழங்காலில்.

“நிப்பாட்டு தம்பி,” என்றார்.

ராகுலன் நிறுத்தினான். பிரதீஸின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை மறக்க மாட்டேன். அவன் அந்தக் குரலை ஒரு வருடமாகக் கேட்டவன். எழும்பினான். நேரே போய் அவருடைய கையைப் பிடித்தான். இரண்டு மணிக்கட்டையும்.

“என்ர அத்தான் எங்க?”

“கையை விடு தம்பி.”

“எங்கயெண்டு கேட்டனான்!”

“தம்பி, விரலை விடு. கடவுளாண விடு...”

தட்டல் நின்றிருந்தது. அது நின்றால் அறை எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கடல் சத்தமும் இல்லை. பெற்றோல் மணம் வந்தது. சிந்திய பெற்றோல், சூடான இரும்பு. கீழே, பூட்டிய புடவைக் கடைப் பக்கம், படியில் யாரோ ஏறும் சத்தம். செருப்பில்லாத கால்.

“டிரம்ஸ்... சவுந்தா...”

நீட்டி. சிரித்துக்கொண்டு. எங்கள் ஐந்து பேருக்கும் கேட்டது. ஷாமிலா வாய்க்குள் கையைத் திணித்துக்கொண்டாள். அங்கிள் கிழவன் மாதிரி இல்லை, அடி வாங்கப் போகும் பிள்ளை மாதிரி ஒடுங்கினார். மறுமொழி சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்தது. பிறகு வேறொரு குரல். இளைய குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி, படிக்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“பிரதீஸ்...”

“அத்தான்?” என்றான் அவன்.

மறுமொழி சொல்லிவிட்டான்.  அங்கிளின் கையை விட்டுவிட்டுக் கதவடிக்குப் போனான். ஷாமிலா அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போகாத பிரதீஸ். அது அவரில்ல.”

“அவர்தான். அவற்ற குரல். விடு, அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது? விடு!”

கதவு பூட்டியிருந்தது. உலுப்பினான்.

அங்கிள் எழும்பினார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். ஷாமிலாவின் கையை மெதுவாக, ஒவ்வொரு விரலாக, சட்டையிலிருந்து கழற்றினார். கதவைத் திறந்துவிட்டார்.

“போய்ப் பார் தம்பி,” என்றார்.

படிக்கட்டு இருட்டாக இருந்தது. பிரதீஸ் அதற்குள் இறங்கினான். ராகுலன் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.

அங்கிள் கதவை மூடி, சாவியைத் திருப்பி, மேல் தாழ்ப்பாளையும் போட்டார். பிறகு, கதவிலேயே, விரலால் தட்டத் தொடங்கினார்.